சொந்தச் செயற்கைக்கோள் வேண்டும்

2009 ஜூலை 14 அன்று, மார்ஷல் தீவுகளில் அமெரிக்க இராணுவத்தின் ஏவுகணைச் சோதனைக் களத்தைச் சேர்ந்த ஓமெலெக் தீவிலிருந்து, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ஏவூர்தி சுமந்துசென்ற 180 கிலோ எடையுள்ள ராசாக்சாட், நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றிப் புவியைப் படமெடுக்கத் தென்கொரியத் துணையோடு மலேசியா உருவாக்கிய செயற்கைக்கோளாகும். அதே நிறுவனம் இன்று, தாழ்ந்த பாதையில் சுற்றும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் சேவையை 2023இல் உரிமம் பெற்று இங்கு நடத்துவதோடு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தேவைகளுக்கென ஸ்டார்ஷீல்டு எனும் தனித்திட்டத்தையும் வைத்திருக்கிறது.

கண்ணாடியிழை இணைப்பு வீட்டு வாசல்வரை வந்துவிட்ட கோலாலம்பூரின் பங்சாருக்கு ஸ்டார்லிங்க் கூடுதல் வசதி மட்டுமே. சபா, சரவாக் உட்புறச் சிற்றூர்களுக்கோ அது பெருந்துணை என்பதால், உரிமம் தந்ததைக் குறைகூற இயலாது. ஆனால் ராசாக்சாட் ஓராண்டளவில் செயலிழந்ததும் அம்முயற்சியையே தளரவிட்டது பெரும்பிழை. வெள்ளக்காலப் படங்களுக்கும் கடல் எல்லைக் கண்காணிப்புக்கும் பிறர் கையை எதிர்பார்த்திராமல், சொந்தச் செயற்கைக்கோள் கட்டும் பணிக்கு அரசு மீண்டும் நிதி ஒதுக்க வேண்டும்.