லேக் மார்க்கெட்டைத் தாண்டி வாங்க

கொல்கத்தாவுக்குப் பொட்டி தட்ட வரும் நம்மூர்ப் பசங்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை இதுதான்: "லேக் மார்க்கெட் பக்கம் வீடு பாரு. நம்மாளுங்க இருக்காங்க, இட்லி, ஃபில்டர் காபி எல்லாம் கிடைக்கும்." தப்பே இல்லை. கடுகெண்ணெய் வாசனையில் குமட்டும் முதல் மாதத்தில் ஒரு தட்டு இட்லி உயிர் கொடுக்கும். ஆனால் ரெண்டு வருஷம் கழித்தும் செக்டர் ஃபைவ் ஆபீஸ், அறை, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்படம் என்றே இருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆதங்கம்.

கேட்டால், "சாப்பாடு ஒத்துக்கலை, பாஷை புரியலை" என்பார்கள்.

சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். வங்காளிகள் வீட்டில் புழுங்கல் அரிசிச் சோறு சகஜம். வாழைப்பூவைத் தேங்காய் போட்டுச் சமைப்பார்கள். வாழைத்தண்டு உண்டு, முருங்கைக்காய் உண்டு. அவர்கள் 'பாந்தா பாத்' என்பது நம்ம பழைய சோறேதான்! வருஷப் பிறப்புகூட நம்முடையதை ஒட்டித்தான் வருகிறது. எண்ணெய் ஒன்றுதான் வேறு. அதற்காகவா இத்தனை புலம்பல்?

பாஷை விஷயத்தில், அரைகுறை இந்தியை வைத்துக் கடையில் சாமான் வாங்கலாம். டீக்கடை பெஞ்சில் நடக்கும் 'அட்டா', அதாவது நம்ம திண்ணைப் பேச்சு, அதில் சேர வங்காளம் வேண்டும். நாலு வார்த்தை போதும். டீயையும் தண்ணீரையும் சிகரெட்டையும் இவர்கள் 'சாப்பிடத்தான்' செய்வார்கள். "சா காபேன்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், மனுஷர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார் :-)

1907-ல் நிதித்துறை அதிகாரியாக இங்கே வந்தபோது சர் சி.வி. ராமனுக்கு 18 வயது. டிராமில் போகும்போது பௌபஜாரில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய அறிவியல் கழகம் அது. ஆபீஸ் நேரம் போக மிச்சமெல்லாம் அங்கேதான். ஆராய்ச்சிக்குத் துணை நின்றவர் ஆசுதோஷ் டே என்ற வங்காளி. 1928-ல் ராமன் விளைவு பிறந்ததும் அதே கழகத்தில்தான்.

அதற்காக அவர் வங்காளியாகவே மாறிவிடவில்லை. தென்னிந்திய மாணவர்களையே சேர்த்துக்கொள்கிறார் என்ற முணுமுணுப்பு பின்னாளில் எழத்தான் செய்தது. 1933-ல் பெங்களூருக்குப் போய்விட்டார். ஊரோடு முழுசாகக் கரைந்துபோக வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. வழியில் கண்ணில் படும் பலகையைப் பார்த்து ஒருமுறை இறங்கிப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சம்பளம் எந்த ஊரிலும் வரும். நாலு வருஷம் இருந்துவிட்டு, 'கொல்கத்தா எப்படி?' என்று ஊரில் கேட்கும்போது, 'அங்கேயும் இட்லி நல்லா இருக்கும்' என்று மட்டும் சொல்வதற்கா இவ்வளவு தூரம் ரயில் ஏறி வந்தோம்?