மச்சறையின் பூட்டு



எழுதியது, படித்தது, பார்த்தது என்று மாதந்தோறும் என் அலுவல்களை இப்பகுதியில் உங்களோடு பகிர்ந்துகொண்டு வருகிறேன். பேய்க்கதை எழுதுகிறவனுக்குக் குடும்பப் பத்திரிகையில் என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் கேட்டதுண்டு. அந்தக் கேள்வியை இந்த மாதம் நானே என்னிடம் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

எழுதியது

புதிதாக ஒரு வரியும் எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் சொந்தச் செலவில் அச்சிட்டு, பையில் சுமந்து கடை கடையாகக் கொடுத்து விற்ற என் முதல் கதைத் தொகுதி தீர்ந்துபோய் வெகுநாளாயிற்று. அதை மறுபதிப்புச் செய்ய எண்ணி மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தேன். அத்தொகுதியில் வாசகர்கள் மிகுதியும் பாராட்டிய கதை, பூட்டிய மச்சறையில் வாழும் ஒரு பெண்பேயைப் பற்றியது. இரவானால் மேலிருந்து சிரிப்பொலி கேட்கும். கதவைத் தட்டும் ஓசை கேட்கும். ஒரு குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்கும்.

ஒரு நாள் மக்ரிபுக்குப் பிறகு என் மூத்தும்மாவின் மகள் வீட்டுக்கு வந்தாள். மேசைமீது கிடந்த தாள்களை எடுத்துப் படித்தவள், நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டாள்:

"காக்கா, இது என் உம்மாதானே?"

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அவளைப் பெற்ற பத்து நாட்களுக்குள் மூத்தும்மாவுக்கு உறக்கம் போயிற்று. தனக்குத்தானே பேசினார், தம் குழந்தையை யாரோ மாற்றி வைத்துவிட்டதாகச் சொல்லி அழுதார். ஜின் பிடித்துவிட்டது என்று குடும்பத்தார் முடிவு செய்தனர். ஓதிய தண்ணீரும் தாயத்தும் பலன் தராதபோது, மச்சறையில் வைத்து வெளியே பூட்டினர். குழந்தையை உறவினர் எடுத்துச் சென்று வளர்த்தனர். சில ஆண்டுகளில் மூத்தும்மா அந்த அறையிலேயே மவுத்தானார். சிறுவனான நான் கீழே படுத்துக் கேட்ட சிரிப்பும் தட்டலும் அவருடையவைதாம். கதையில் பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். அவர் இரவெல்லாம் அழைத்தது, இப்போது என் எதிரே நின்று கேட்பவளை.

அடுப்படியிலிருந்து வந்த உம்மா, அவளைத் தம் அருகே இருத்திக்கொண்டு சொன்னார்: "அவ பேயுமில்ல, ஜின்னுமில்ல மக்களே. சொகமில்லாம இருந்தா. பயந்தது நாங்களாக்கும்."

மகப்பேற்றுக்குப் பின் வரும் கடுமையான மனநோய் என்று மருத்துவர்கள் இதைக் கூறுகின்றனர். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் இது நேர்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குகிறது. உறக்கமின்மையும் குழப்பமும் இல்லாதவற்றை நம்புவதும் இதன் அடையாளங்கள். தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து உண்டாதலால், ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நோய் இது. தக்க சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் நலமடைந்து தம் குழந்தையை வளர்க்கிறார்கள். மூத்தும்மாவுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

படித்தது

பேனாவை மூடிவிட்டு வைக்கம் முகம்மது பஷீரை எடுத்தேன். நம் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எனவே மலையாளம் நமக்கு அயல்மொழி அன்று. மலையாளம் படிக்காத இளந்தலைமுறைக்கும் குறையில்லை, குளச்சல் மு. யூசுப் பஷீரின் நூல்கள் பலவற்றைத் தமிழில் தந்திருக்கிறார்.

பஷீரும் ஒருகாலத்தில் தம் புத்தகங்களைத் தாமே சுமந்து திரிந்து விற்றவர். அவருடைய 'நீல வெளிச்சம்' என்னும் சிறுகதையில், ஓர் எழுத்தாளர் மலிவாகக் கிடைத்த பழைய வீட்டில் தனியே குடியேறுகிறார். காதலில் ஏமாந்து கிணற்றில் விழுந்து இறந்த பார்கவி அங்கே பேயாக உலவுவதாக ஊரார் சொல்கின்றனர். எழுத்தாளர் மந்திரவாதியைத் தேடவில்லை. அவளைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுகிறார். கிராமபோனில் பாட்டு வைத்து அவளையும் கேட்கச் சொல்கிறார். ஓரிரவு விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோக, வாங்கிவர வெளியே போகிறார். திரும்பி வரும்போது அறை நீல வெளிச்சத்தால் நிறைந்திருக்கிறது. அவ்வளவுதான் கதை. பலமுறை படித்த கதைதான் என்றாலும், இம்முறைதான் ஒன்று விளங்கிற்று. அஞ்சப்பட வேண்டியவளாக ஊரார் தள்ளிவைத்த ஒருத்தியிடம், மரியாதையோடு பேசிய ஒரு மனிதரின் கதை அது.

பஷீரே மனநோயால் அல்லலுற்றவர். 1959இல் வெளிவந்த 'பாத்துமாவின் ஆடு' அவர் மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற காலத்தில் எழுதியது. ஆடும் பிள்ளைகளும் நிறைந்த தம் வீட்டைப் பற்றி வாசகரைச் சிரிக்க வைக்கும் அந்நூல், நோயாளியாக இருந்த ஒருவரின் கையிலிருந்து வந்தது. 1962இல் நோய் மீண்டும் வந்தது, மீண்டும் தேறினார். 1994 ஜூலை 5 அன்று பேப்பூரில் மறையும்வரை கேரளம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிற்று. அவரையும் ஒரு மச்சறையில் பூட்டியிருந்தால்?

பார்த்தது

'நீல வெளிச்ச'த்தை விரித்துப் பஷீரே திரைக்கதை எழுதிய 'பார்கவி நிலையம்' 1964இல் வெளிவந்தது. இயக்கியவர் ஏ. வின்சென்ட், இசை எம்.எஸ். பாபுராஜ்; எழுத்தாளராக நடித்தவர் மது. படத்தில் அந்த எழுத்தாளர் துருவித் துருவி ஓர் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். பார்கவி தானே கிணற்றில் விழவில்லை, தள்ளிக் கொல்லப்பட்டாள். ஆக, பேய்க்கதை என்று ஊரார் சொல்லிவந்தது, ஒரு பெண்ணுக்கு இழைத்த அநீதியை மூடிய திரை.

மற்றொரு படம் நம் ஊரோடு தொடர்புடையது. ஃபாசில் இயக்கி 1993இல் வெளிவந்த 'மணிச்சித்ரதாழ்' படத்தின் காட்சிகள் பல, தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. 2005இல் 'சந்திரமுகி' என்று தமிழில் வந்ததும் இதே கதைதான். பூட்டிய அறையைத் திறக்கிறாள் கங்கா. நாகவல்லியின் ஆவி வெளியே வந்துவிட்டதாக வீடே நடுங்குகிறது. மனநல மருத்துவரான நண்பர் வந்து, ஆவி எதுவுமில்லை, நோயுற்றிருப்பவள் கங்காதான் என்று உணர்கிறார். பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த சிறுமியின் துயரத்தில் நோயின் வேரைத் தேடுகிறார். அவ்வேடத்தில் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரே நாளில் தந்திரத்தால் குணமாவது திரைக்காகச் செய்தது. மெய்யான சிகிச்சைக்கு மருந்தும் காலமும் வீட்டாரின் பொறுமையும் வேண்டும். ஆனாலும் "அவளுக்கு என்ன நோய்?" என்ற சரியான கேள்வியைக் கேட்ட படம் அது.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறுவதன் விலையை நம் சமுதாயம் அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் கருகி இறந்தனர். நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஜின் என்னும் படைப்பை நாம் நம்புகிறோம். ஆனால் நோய் ஒவ்வொன்றுக்கும் மருந்துண்டு என்று சொன்னதும் நம் நபிகள் (ஸல்) அவர்கள்தாம். 1488இல் கட்டி முடிக்கப்பட்ட துருக்கியின் எடிர்னே மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கு இசையாலும் நீரோசையாலும் சிகிச்சை தந்தனர். ஓதிப்பார்ப்பதோடு மருத்துவரையும் பார்ப்பது நம் முன்னோர் அறியாத வழி அன்று. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

மறுபதிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தக் கதையை, பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தவரின் பக்கத்திலிருந்து புதிதாக எழுத வேண்டும். கீழே படுத்திருந்த சிறுவனின் பயத்தை அறிந்த எனக்கு, மேலே இருந்தவரின் பயத்தை எழுதத் தெரியுமா என்று தெரியவில்லை. எழுதினால் முதலில் படிப்பவள் மூத்தும்மாவின் மகள். அவள் சம்மதித்தால் மட்டுமே அது அச்சேறும். அன்றிரவு புறப்படும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: "உம்மா என்னை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டா, காக்கா?"

சொன்னேன். ஊரார் அழைக்கும் பெயரன்று அது. வளர்த்தவர்கள் வேறு பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.