டிக்கியில ஒரு ரைஃபிள்

பி.ஜி.எம்.ஐ விளையாடாத ஆள் நம்ம ஹாஸ்டல்ல ரொம்பக் குறைவு. அதனால இதை உங்களுக்குச் சுலபமா சொல்லிடலாம். உங்க கையில வெறும் பிஸ்டல். எதிர்ல வர்றவன்கிட்ட ஆட்டோமேட்டிக் ரைஃபிள், உடம்புல லெவல் 3 வெஸ்ட். என்ன பண்ணுவீங்க? ஓடுவீங்க. நானும் ஓடுவேன். 1997 பிப்ரவரி 28 அன்னிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸுக்கு இதே நிலைமை நிஜத்துல வந்தது. அவங்களுக்கு ஓடுற வசதி மட்டும் இல்லை.

இடம், வடக்கு ஹாலிவுட். பேங்க் ஆஃப் அமெரிக்கா கிளை ஒண்ணுல ரெண்டு பேர் கொள்ளையடிச்சிட்டு வெளியே வர்றாங்க. உடம்பைச் சுத்தித் தாங்களே தைச்சுக்கிட்ட குண்டு துளைக்காத கவசம், கையில தானாகச் சுடுற மாதிரி மாத்தப்பட்ட ரைஃபிள்கள். வாசல்ல நின்ன போலீஸ்கிட்ட 9 மி.மீ பிஸ்டல், பழைய .38 ரிவால்வர், சில ஷாட்கன். சுட்ட குண்டு போய்ப் படுது, ஆனா அவங்க பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்காங்க. இதையெல்லாம் டி.வி. ஹெலிகாப்டர்கள் நேரலையில காட்டிக்கிட்டு இருக்கு. கடைசியில சில போலீஸ்காரங்க பக்கத்துல இருந்த துப்பாக்கிக் கடைக்கே போய் ரைஃபிள் வாங்கிட்டு வந்தாங்க. உலகத்துலேயே பேர் போன ஒரு போலீஸ் துறை, சண்டை நடந்துக்கிட்டு இருக்கும்போது கடைக்காரர்கிட்ட போய் நிக்குது! மொத்தம் 44 நிமிஷம். ரெண்டு தரப்பும் சேர்ந்து சுட்டது சுமார் 2,000 ரவுண்டு. ரைஃபிளோட வந்த ஸ்வாட் படை காருக்கு அடியில குனிஞ்சு, கவசம் மறைக்காத கால்ல சுட்டுத்தான் ரெண்டாவது ஆளை வீழ்த்தினாங்க. நிறைய பேருக்குக் காயம். கொள்ளையர் ரெண்டு பேரைத் தவிர யாரும் சாகலைங்கறது இன்னிக்கும் நம்ப முடியாத விஷயம்.

அதுக்கப்புறம் பென்டகன் தன்கிட்ட உபரியா இருந்த 600 எம்-16 ரைஃபிள்களை அந்தப் போலீஸுக்குக் கொடுத்தது. ரெண்டு வருஷம் கழிச்சு, 1999-ல, கொலம்பைன் பள்ளிக்கூடத்துல துப்பாக்கிச்சூடு. வெளியே வந்து நின்ன போலீஸ், ஸ்வாட் வரட்டும்னு காத்திருந்தது. அதுல கத்துக்கிட்ட பாடம்: முதல்ல போய்ச் சேர்ற சாதாரண ரோந்து போலீஸே உள்ளே போகணும். அப்படிப் போகச் சொன்னா, அவர் கையில பிஸ்டலைவிடப் பெருசா ஏதாவது இருக்கணும் இல்லையா? இப்படித்தான் 'பேட்ரோல் ரைஃபிள்' அமெரிக்க ரோந்துக் காரோட டிக்கிக்குள்ள வந்தது. பெரும்பாலும் ஏ.ஆர்-15 வகை.

கொஞ்சம் ஃபிசிக்ஸ். அரை எம்வி ஸ்கொயர், மறந்திருக்க மாட்டீங்க. 9 மி.மீ குண்டு சுமார் 8 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 360 மீட்டர். கணக்குப் போட்டா 500 ஜூல் பக்கம் வரும். 5.56 மி.மீ ரைஃபிள் குண்டு அதுல பாதி எடைகூட இல்லை, ஆனா நொடிக்கு 900 மீட்டர். பிஸ்டலைப் போல மூணு மடங்கு ஆற்றல். சாதாரண புல்லட் புரூஃப் வெஸ்ட் அதுக்கு முன்னாடி நிக்காது. அதோட, தோள்ல முட்டுக் கொடுத்துச் சுடறதால குறி தப்புறதும் குறைவு. 'தெருவுல குறி தப்பின குண்டு பறக்கிறதைவிட இது பாதுகாப்பு'ன்னு போலீஸ் தரப்பு சொல்ற வாதத்துல உண்மை இருக்கு. போலீஸுக்கு ரைஃபிளே கூடாதுன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

ஆனா 1997-ல நின்னுட்டா கதை பாதிதான்.

அதே வடக்கு ஹாலிவுட், 2021 டிசம்பர் 23. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு துணிக்கடை. ஒருத்தன் சைக்கிள் பூட்டை வெச்சு அங்க இருந்தவங்களைத் தாக்கிக்கிட்டு இருக்கான். போலீஸுக்குப் போன தகவல்ல துப்பாக்கின்னும் சேர்ந்துடுச்சு. போலீஸ் மாடிக்கு ஏறுது. ரைஃபிள் வெச்சிருந்த அதிகாரி எல்லாரையும் தாண்டி முன்னாடி போறார். நிதானமா போகச் சொல்ற குரல்கள் பாடி கேமரா வீடியோவில கேட்குது. அவர் மூணு தடவை சுட்டார். அந்த ஆள் செத்துட்டான். அவன்கிட்ட துப்பாக்கி இல்லை. ஒரு குண்டு தரையில பட்டுத் தெறிச்சு, சுவரைத் துளைச்சுக்கிட்டுப் பின்னாடி இருந்த டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள போச்சு. அங்க அம்மாகூட இருந்த 14 வயசுப் பொண்ணு செத்துப் போனா. 2024-ல கலிஃபோர்னியா அரசு வழக்கறிஞர் அலுவலகம் அந்த அதிகாரி மேல கிரிமினல் வழக்கு இல்லைன்னு சொல்லிடுச்சு.

நம்ம பாஷையில சொன்னா, ஒரு லோடுக்கு டிசைன் பண்ணின பொருளை வேற லோடுல ஓட்டியிருக்காங்க. கவசம் போட்டு, திறந்த ரோட்டுல, ஆட்டோமேட்டிக் ரைஃபிளோட நிக்கிற ஆளுக்காக வந்த ஆயுதம் அது. மெல்லிய சுவர், பின்னாடி ஜனங்க, கையில சைக்கிள் பூட்டு வெச்ச ஒரு ஆள்ங்கற இடத்துக்கு எப்படி வந்தது? டிக்கியில இருந்துச்சு, அதனால வந்தது. கையில ரைஃபிள் இருக்கிறவர்தான் முன்னாடி போகணும்னு ஒரு எண்ணமும் கூடவே வந்துடுது.

சரி, ரைஃபிள் இருந்தா தைரியமாவது வருமா? டெக்ஸாஸ்ல யுவால்டேன்னு ஒரு ஊர். 2022 மே 24, தொடக்கப் பள்ளி. கொலைகாரன் உள்ளே போன முதல் சில நிமிஷத்திலேயே ரைஃபிளோட போலீஸ் வராண்டாவுல இருந்தது. கொஞ்சம் கொஞ்சமா 376 பேர் சேர்ந்தாங்க. அந்த வகுப்பறைக் கதவைத் தாண்ட 77 நிமிஷம் ஆச்சு. 19 குழந்தைகள், 2 ஆசிரியர்கள் செத்தாங்க. கொலம்பைன்ல கத்துக்கிட்ட பாடத்துல ரைஃபிள் மட்டும் வந்திருந்தது, உள்ளே போறது வரலை.

"இதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கென்ன?"ன்னு கேட்பீங்க. 26/11 அன்னிக்கு மும்பைல துக்காராம் ஓம்ப்ளே கசாபோட ஏ.கே-47 குழலை வெறுங்கையால பிடிச்சு நின்னு குண்டு வாங்கினார். அதை நாம வீரம்னு கொண்டாடறோம், கொண்டாடணும்தான். ஆனா அவரை அந்த நிலைமையில நிறுத்தினது யாருன்னும் கேட்கணும். அதே மூச்சுல தூத்துக்குடியையும் சொல்லணும். 2018 மே 22, வேன் மேல ஏறி நின்னு ரைஃபிளால குறி பார்த்த படத்தை நாம எல்லாருமே ஃபோன்ல பாத்தோம். நாங்க அப்ப ஸ்கூல்ல இருந்தோம். 13 பேர் செத்தாங்க. அருணா ஜெகதீசன் ஆணையத்தோட அறிக்கை போலீஸ் மேல கடுமையாவே எழுதியிருக்கு. போலீஸ்கிட்ட ரைஃபிள் இருக்கலாமான்னு மட்டும் கேட்டா, மும்பைக்கு ஒரு பதிலும் தூத்துக்குடிக்கு ஒரு பதிலும்தான் வரும். எப்ப வெளியே எடுக்கலாம், யார் அனுமதி, எடுத்தப்புறம் யாருக்குக் கணக்கு சொல்லணும்னு கேட்டா, ரெண்டு ஊருக்கும் ஒரே கேள்விதான்.

கலிஃபோர்னியா 2021-ல இதுக்கு ஒரு முயற்சி பண்ணுச்சு, ஏ.பி. 481னு ஒரு சட்டம். போலீஸ்கிட்ட இருக்கிற ராணுவ வகைக் கருவிகளைப் பட்டியல் போட்டு, எதுக்கு எப்படிப் பயன்படுத்துவோம்னு எழுதி, நகர மன்றத்துக்கிட்ட ஒப்புதல் வாங்கணும். வருஷா வருஷம் அறிக்கையும் கொடுக்கணும். படிச்சப்ப, அட, நல்லா இருக்கேன்னு தோணுச்சு. அப்புறம்தான் விதிவிலக்குப் பகுதிக்கு வந்தேன். அதிகாரிகளுக்கு வழக்கமா கொடுக்கிற பணி ஆயுதம்னா, அது பட்டியல்ல வராது. எங்க ரைஃபிள் வழக்கமான பணி ஆயுதம்தானேன்னு சில போலீஸ் துறைகள் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. சிறப்புப் படை நாலு பேர்கிட்ட இருந்தா கணக்குக் காட்டணும். ரோந்து போற எல்லார்கிட்டயும் இருந்தா, வழக்கமான ஆயுதம்னு சொல்லி நழுவிடலாம்.

நம்ம லேப்ல ஒரு மல்டிமீட்டர் எடுக்கணும்னாலே ரெஜிஸ்டர்ல பேர், நேரம், எதுக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடறோம். உடைக்காம திருப்பிக் கொடுத்தாலும் அந்த வரி அங்கேயே இருக்கும். நான் கேட்கிறது அவ்வளவுதான். சுட்டப்ப மட்டும் இல்லை, டிக்கியில இருந்து எடுத்த ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. அதை அந்த ஊர்க்காரங்க படிக்க முடியணும்.