பட்டியல் ஏறிய மருந்து மலை ஏறுமா?

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். மறு ஆண்டு பாரிஸ் நகரில் சார்க்கோ என்னும் மருத்துவ மேதை ஒரு நரம்பு நோயை வகுத்துரைத்தார். மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் என்பது அதன் பெயர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை அழிக்கும் கொடுமை அது. காவற்காரனே கன்னமிடும் கதை!

தேயிலை உலகை வென்றது. மருத்துவமும் அந்நோயை அடக்கத் தொடங்கியது. அமெரிக்கா 1993இல் இன்டர்பெரோனையும், 1996இல் கிளாட்டிராமரையும், 2010இல் பிங்கோலிமோட் என்னும் வாய்வழி மருந்தையும், 2017இல் ஒக்ரெலிசுமாபையும் அனுமதித்தது. இவை இழந்த நரம்பை மீட்பவை அல்ல. புதிய தாக்குதலைக் குறைப்பவை. ஆகவே, காலத்தே கண்டறிவதே உயிர்நாடி.

“இங்கு அரிய நோய்தானே?” என்பர். ஐரோப்பாவைவிட அரிதுதான், மறுக்கவில்லை. ஆனால், நரம்பு வைத்தியரையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் எட்டாத லயத்து நோயாளி எந்தக் கணக்கில் ஏறுவார்? கால் மரக்கும், ஒரு கண் மங்கும், சில வாரங்களில் தானே தணியும், பின்னர் மீண்டும் தாக்கும். சரிவிலே தடுமாறும் கொழுந்துப் பெண்ணுக்குச் சோம்பேறிப் பட்டம்! நிறை குறைந்தால் அரைப்பேர்! இதுவா நோயறியும் முறை?

“விலை அதிகம்” என்னும் வாதமும் இனி நில்லாது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் கிளாட்டிராமர், கிளாட்ரிபின், ரிட்டுக்சிமாப் ஆகிய மூன்றையும் இந்நோய்க்கான அத்தியாவசிய மருந்துகளாகப் பட்டியலிட்டது. ரிட்டுக்சிமாபுக்கு நிகரான மலிவு மருந்தை அண்டை இந்தியா 2007 முதல் செய்து வருகிறது. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வழியே, மொத்தமாக வாங்கி விலை குறைக்கும் நெறியை உலகுக்குக் காட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவர் பிறந்த நாட்டுக்கா வழி தெரியாது?

படித்த பெருமக்களே, உழவர் பெருமக்களே! நாம் கேட்பது பிச்சை அன்று. தோட்ட வைத்திய உதவியாளருக்கு இந்நோயின் குறி அறியும் பயிற்சி வேண்டும். நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் நரம்பு வைத்தியர் முறைவைத்து வந்து பார்க்கவேண்டும். மருந்தும் அங்கேயே கிடைக்கவேண்டும். வைத்தியசாலை சென்ற நாளுக்குத் தொழிலாளியின் பேர் வெட்டப்படக் கூடாது.

மலையிலிருந்து கொழுந்து இறங்க ரெயில் பாதை போடத் தெரிந்த நாடு இது. மருந்து ஏறுவதற்கு மட்டும் பாதை இல்லையா? விடை சொல்லட்டும் அரசாங்கம்!