ஓட்டு எண்ணுவதற்குள் ஓர் ஒப்பந்தம்!

விமானப் பராமரிப்புத் தோழர்களே! ஹேங்கரில் பேனலைக் கழற்றும் டெக்னீஷியன்களே, லைசென்ஸ் வைத்துக் கையெழுத்திடும் இன்ஜினீயர்களே, நள்ளிரவில் கேபினுக்குள் குனிந்து துடைக்கும் கான்ட்ராக்ட் தோழர்களே!

நோட்டீஸ் போர்டில் இடம் போதவில்லை. ஒரு சங்கம் ஒட்டியதன் மேல் இன்னொரு சங்கம் ஒட்டுகிறது. இவர்கள் அவர்களை நிர்வாகத்தின் கையாள் என்கிறார்கள். அவர்கள் இவர்களைக் கட்சித் தரகர் என்கிறார்கள். இரண்டையும் படித்துப் பாருங்கள், சம்பளத்தைப் பற்றி ஒரு வரி தேறாது. இந்தச் சண்டையை இன்றே ஒரு வரம்புக்குள் கொண்டுவராவிட்டால் நாளைக்கு நமக்குச் சண்டை போட சங்கமே மிஞ்சாது. அதைச் சொல்லத்தான் இந்த அறைகூவல்.

ஏன் இவ்வளவு அவசரம்? 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. மத்தியத் தொழிற்சங்கங்களில் பெரும்பாலானவை அதை எதிர்த்தன. நானும் எதிர்க்கிறேன். ஆனால் எதிர்ப்பதால் மட்டும் அது நம் ஹேங்கர் வாசலில் நின்றுவிடாது. விமானப் போக்குவரத்து மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வருவதால், சென்னையில் வேலை செய்பவருக்கும் டெல்லியில் வேலை செய்பவருக்கும் அதே சட்டம்தான்.

அது சொல்வது இது. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் உள்ளவர்களில் 51 சதவீதத்தினரின் ஆதரவு பெற்ற சங்கம் மட்டுமே நிர்வாகத்தோடு பேசும். எவருக்கும் அந்த 51 கிடைக்காவிட்டால், 20 சதவீதமாவது ஆதரவு உள்ள சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்டு ஒரு பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்படும். அமைப்பது யார்? முதலாளி. இருபதுக்குக் கீழே உள்ள சங்கத்துக்கு மேஜையில் நாற்காலி கிடையாது. ஒருமுறை கிடைத்த அங்கீகாரம் மூன்றாண்டு செல்லும், இருதரப்பும் ஒத்துக்கொண்டால் ஐந்தாண்டு வரை.

இதற்கு முன் நிலைமை மேலாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1926-ன் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி செய்தது, அங்கீகரித்தே தீரவேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. அங்கீகாரம் நிர்வாகம் போட்ட பிச்சையாகவே இருந்தது. 2010 மே மாதம் மங்களூர் விமான விபத்து நடந்த சில நாளில் ஏர் இந்தியாவில் திடீர் வேலைநிறுத்தம் வெடித்தது. தரைப் பணியாளர்களும் இன்ஜினீயர்களும் வெளியே வந்தார்கள். நீதிமன்ற உத்தரவு வந்து வேலைநிறுத்தம் முடிந்தது. உடனே நிர்வாகம் இரண்டு சங்கங்களின் அங்கீகாரத்தை ஒரே வீச்சில் பறித்தது, பலரை வேலையை விட்டு நீக்கியது. கொடுத்த கை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இனி அங்கீகாரம் எண்ணிக்கையால் வரும். அதனால்தான் இந்தப் போஸ்டர் யுத்தம். எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் யாரைத் தொழிலாளி என்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்று எந்தப் போஸ்டராவது சொல்கிறதா?

சட்டத்தின் பொது வரையறையைப் பிரித்துப் படியுங்கள். அப்ரென்டிஸ் தொழிலாளி இல்லை. மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் தொழிலாளி இல்லை. விமானத்தைப் பறக்க விடலாம் என்று கையெழுத்திடும் லைசென்ஸ் இன்ஜினீயரை 'சூப்பர்வைசர்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? வேலைநிறுத்தத்தில் விமானத்தைத் தரையில் நிறுத்திவைக்கும் வலு அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. அந்தக் கை, தொழிலாளிக்குச் சட்டம் தரும் பாதுகாப்புக்கு வெளியே போய்விடும். கேபின் துடைப்பவரும் லக்கேஜ் தூக்குபவரும் ஏற்கெனவே கான்ட்ராக்டரின் பட்டியலில், அதாவது நம் மஸ்டர் ரோலுக்கு வெளியே. மிச்சமிருக்கும் கூட்டத்தில் ஐம்பத்தொன்றுக்காக இரண்டு மூன்று சங்கங்கள் மல்லுக்கட்டுகின்றன. பந்தியில் இலையே போடவில்லை, பாயசம் யாருக்கு முதலில் என்று சண்டை!

2022 ஜூலை நினைவிருக்கிறதா? கொரோனா காலத்தில் வெட்டிய சம்பளத்தால் குமுறிக்கொண்டிருந்த இண்டிகோ டெக்னீஷியன்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள். பெரிய சங்கம் எதுவும் அவர்களை நடத்தவில்லை, வயிறுதான் நடத்தியது. புதிய சட்டத்தில் பாதிப்பேர் சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும், சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் அது முடிந்து ஏழு நாள் ஆகும்வரை அசையக் கூடாது. சங்கம் இல்லாத டெக்னீஷியனிடம் இருந்த கடைசி ஆயுதத்தையும் பூட்டி வைத்தாகிவிட்டது. இனி எதைச் செய்தாலும் சங்கமாகத்தான் செய்ய முடியும்.

இந்த ஆட்டத்தை நமக்கு முன்னால் ஆடித் தோற்றவர்கள் இருக்கிறார்கள், தோழர்களே. அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் மெக்கானிக்குகள். அங்கே ரயில்வே தொழிலாளர் சட்டம், அதுவும் 1926-ல் வந்ததுதான், 1936-ல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தில் ஒரு தொழில்பிரிவுக்கு ஒரே சங்கம், நாடு முழுக்க. ஜெயித்த சங்கம் மட்டுமே பேசும்.

நார்த்வெஸ்ட் மெக்கானிக்குகளுக்காகப் பல்லாண்டு காலம் பேசியது ஐ.ஏ.எம். என்னும் இயந்திரத் தொழிலாளர் சங்கம். 1888-ல் தொடங்கிய மூத்த சங்கம். 1993-ல் கம்பெனி தள்ளாடியபோது பங்குகளைப் பெற்றுக்கொண்டு ஊதிய வெட்டுக்குச் சங்கங்கள் சம்மதித்தன. மெக்கானிக்குகள் கொதித்தார்கள். லக்கேஜ் ஏற்றுபவரோடு ஒரே சங்கத்தில் இருப்பதால்தான் தங்கள் கைத்திறனுக்கு உரிய கூலி கிடைப்பதில்லை என்று ஆம்ஃபா என்ற தனிச் சங்கம் பேசியது. முதன்மையாக மெக்கானிக்குகளின் சங்கம் அது. 1998-ல் ஓட்டு நடந்தது, ஆம்ஃபா ஜெயித்தது, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதன் கீழ் வந்தார்கள். 2001-ல் நல்ல ஊதிய உயர்வும் வாங்கிக் கொடுத்தது. அந்தக் கோபம் பொய்யில்லை, அந்த உயர்வும் பொய்யில்லை. ஆம்ஃபாவைத் துரோகி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் ஐ.ஏ.எம். அந்தத் தோல்வியை மறக்கவில்லை. 2005 வந்தது. கம்பெனி ஆம்ஃபாவிடம் ஆண்டுக்கு 17 கோடியே 60 லட்சம் டாலர் வெட்டு கேட்டது. சம்பளத்தில் கால்வாசி போகும், ஏறத்தாழ 2,000 வேலைகள் போகும். 2001-க்குப் பிந்தைய ஆட்குறைப்பில் உறுப்பினர்கள் ஏற்கெனவே சுமார் 4,400 ஆகச் சுருங்கியிருந்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. கம்பெனி ஒன்றரை ஆண்டாக அந்த நாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. மாற்று மெக்கானிக்குகளை வேலைக்கெடுத்துப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தது. பராமரிப்பை வெளியே கொடுக்க ஒப்பந்தங்கள் போட்டிருந்தது.

இதெல்லாம் முதலாளி செய்யக்கூடியதுதான், எதிர்பார்க்க வேண்டியதுதான். எதிர்பாராதது வாசலில் நடந்தது. ஐ.ஏ.எம். உறுப்பினர்கள் மறியல் வரிசையைத் தாண்டி உள்ளே போனார்கள். விமானிகளும் போனார்கள். நம் ஆட்களைத் திருடிக்கொண்டு போன சங்கத்துக்கு நாம் ஏன் தோள் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஐ.ஏ.எம்.மின் நிலை. பெரிய கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்-சி.ஐ.ஓ.வுக்கு வெளியே நின்றது ஆம்ஃபா, ஆகவே அங்கிருந்தும் கை நீளவில்லை. விமானங்கள் பறந்தன. செப்டம்பர் 14 அன்று கம்பெனி திவால் மனு போட்டது. 2006 நவம்பரில் வேலைநிறுத்தம் முடிந்தபோது பெரும்பாலானோர் வேலை வேறொருவர் கையில் இருந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் ஐ.ஏ.எம். தலைவர்கள் வஞ்சம் தீர்ந்தது என்று தூங்கியிருக்கலாம். திவால் நீதிமன்றத்தின் நிழலில் அவர்களும் வெட்டுக்குக் கையெழுத்திட்டார்கள். 2008-ல் நார்த்வெஸ்டை டெல்டா விழுங்கியது. டெல்டாவில் தரைப் பணியாளர்களுக்குச் சங்கம் இல்லை. 2010 நவம்பரில் லக்கேஜ் தொழிலாளர்களிடையே நடந்த தேர்தலில் ஐ.ஏ.எம். தோற்றது. மெக்கானிக்குகளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நடந்தவர்கள், ஐந்தே ஆண்டில் தங்கள் சங்கத்தையும் இழந்து நின்றார்கள். டெல்டா மெக்கானிக்குகளுக்கு அதன் பிறகும் சங்கம் வாய்க்கவில்லை. 2022-ல் ஐ.ஏ.எம்., டீம்ஸ்டர்ஸ், விமானப் பணியாளர் சங்கம் மூன்றும் அங்கே கூட்டுப் பிரசாரம் அறிவித்தன. ஆளுக்கொரு பிரிவு, ஒருவர் வேலியில் மற்றவர் கால் வைப்பதில்லை. அந்த ஏற்பாட்டை 1998-லேயே செய்திருந்தால்!

ஒற்றுமையாக இருந்தால் ஜெயித்துவிடுவோமா என்று ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். 1989 மார்ச்சில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் மெக்கானிக்குகள் வெளியே வந்தபோது விமானிகளும் பணிப்பெண்களும் கூடவே நின்றார்கள். முதலாளி ஃபிராங்க் லாரென்சோவின் கையிலிருந்து கம்பெனியை நீதிமன்றம் பிடுங்கியது. ஆனாலும் 1991 ஜனவரியில் ஈஸ்டர்ன் மூடப்பட்டது, எல்லோருடைய வேலையும் போனது. எனவே ஒற்றுமை வெற்றிக்கு உத்தரவாதம் என்று நான் ஆணையிட மாட்டேன். பிரிந்து நின்றால் பேரம் பேசுவதற்கே வலு இருக்காது என்று மட்டும் சொல்வேன்.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்பவர்களுக்குப் பெரம்பூரைச் சொல்கிறேன். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த ஊர் நம்முடையது. மூன்றே ஆண்டில், 1921-ல், பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். சண்டை புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்து துப்பாக்கிச்சூடு நடந்ததில் போய் நின்றது, வேலைநிறுத்தமும் தோற்றது. அவர்களைக் கருங்காலிகள் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. ஆலைக்குள்ளும் வெளியிலும் அவர்கள் பட்ட இழிவைச் சங்கம் தன் கோரிக்கையாக எழுதியதா என்று கேட்பதுதான் கடினம். இன்று அதே கேள்வியைக் கேபின் துடைக்கும் கான்ட்ராக்ட் தோழர் நம்மைக் கேட்கலாம். "உங்கள் கோரிக்கைப் பட்டியலில் நான் எத்தனையாவது வரி, அண்ணா?" என்று கேட்டால் எத்தனை செயலாளர்கள் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வார்கள்?

சங்கங்கள் எல்லாம் உடனே ஒன்றாக இணையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது நடக்காது, கேட்டால் சிரிப்பீர்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் யு.எஸ். ஏர்வேஸும் 2013-ல் இணைந்தபோது டி.டபிள்யூ.யூ. என்னும் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமும் ஐ.ஏ.எம்.மும் மோதாமல் ஒரு கூட்டுச் சங்கம் அமைத்தன. நல்ல யோசனைதான். ஆனால் கூட்டு ஒப்பந்தம் கைக்கு வர 2020 மார்ச் ஆகிவிட்டது, எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். மேலே தலைவர்கள் கைகுலுக்கினால் போதாது, கீழே ஷிஃப்டில் இருப்பவன் ஓட்டுப் போட வேண்டும். ஆகவே போட்டி இருக்கட்டும். சந்தாவுக்குக் கணக்குக் காட்டாத சங்கத்தை உறுப்பினர் தூக்கி எறியட்டும். தூங்குகிற தலைவரைப் போட்டிதான் எழுப்பும்.

நான் கேட்பது ஒரு பக்கத் தாளில் அடங்கும். அங்கீகார ஓட்டை எண்ணுவதற்கு முன், எல்லாச் சங்கங்களும் கையெழுத்திட்டுத் தொழிலாளர் முன்னால் படிக்க வேண்டிய தாள். எந்தச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தாலும், மற்றச் சங்கத்து உறுப்பினர் அந்த வேலையைத் தொட மாட்டார். ஒரு டூலைக்கூட எடுத்துக் கொடுக்க மாட்டார், டெக் லாகில் கையெழுத்திட மாட்டார். தோற்ற சங்கத்தின் உறுப்பினருக்கு ஷிஃப்டிலும் டிரான்ஸ்ஃபரிலும் பழிவாங்கல் வந்தால் ஜெயித்த சங்கமே முதலில் நிர்வாகத்தின் கதவைத் தட்டும். லைசென்ஸ் இன்ஜினீயரைத் தொழிலாளி இல்லை என்று வெட்டும் முயற்சியை எல்லோரும் சேர்ந்து எதிர்ப்போம், அவர் எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் சரி. கான்ட்ராக்ட் தோழர்களின் ஊதியக் கோரிக்கை முதல் பக்கத்தில் வரும், பின்னிணைப்பில் வராது.

இதில் கையெழுத்திட மறுக்கும் தலைவர் எவராக இருந்தாலும், நம் சங்கத்துக்காரராகவே இருந்தாலும், அவரிடம் காரணம் கேளுங்கள். தனியறையில் கேட்காதீர்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கேன்டீனில், பத்துப் பேர் காதில் விழும்படி கேளுங்கள்.

இன்றிரவு டியூட்டிக்குப் போகிறவர்கள் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். எதிர்ச் சங்கத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். கூடப் படித்தவரோ, ஒரே வேனில் வருபவரோ. முதல் கையெழுத்தை அவரிடம் வாங்குங்கள், இரண்டாவது கையெழுத்தை நீங்கள் போடுங்கள். காலை ஷிஃப்டிடம் தாளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.