சியாகுல்லிக் கடிதம்: ஒரு கிழமை ஊர் பார்த்தோம்



ஆகஸ்டில் எங்கள் தொழிற்சாலையை இரண்டு கிழமைக்குப் பூட்டிவிடுவார்கள். வழக்கமாக அந்த நாட்களில் எங்காவது துப்புரவு வேலை பிடிப்போம். கடன், சீட்டுக்காசு, ஊரில் அம்மாவின் மருந்து என்று எப்போதும் ஏதாவது இருக்கும். இம்முறை வேலை பிடிக்கவில்லை. போன வருடம் பள்ளிக்கூடம் திறந்ததும் விடுமுறையில் பார்த்த இடத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, எங்கள் மூத்தவள் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வந்து ஆறு வருடமாகிறது. வீடு, வேலைத்தலம், பல்லரோ சந்தை, விசா வரிசை, இந்த நாலையும் விட்டால் எங்களுக்கும் பலெர்மோ தெரியாது.

"ஊரில சனம் கஷ்டப்படுது, உங்களுக்கென்ன ஊர் சுற்றல்?" என்று தெரிந்த ஐயா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்குப் பதில் சொல்லாமல் ஒரு கிழமையைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினோம்.

முதல்நாள் வாசலிலேயே தொடங்கினோம். சியாகுல்லி என்றால் இத்தாலியர்களுக்கு இரண்டு விடயம் நினைவுக்கு வரும். ஒன்று, மற்ற இடங்களில் காலம் முடிந்த பிறகும் இங்கே மரத்தில் கிடக்கும் மந்தாரின் தோடை. மற்றது 1963 யூன் 30. அன்று மாபியாக்காரர் குண்டு வைத்து விட்டுச்சென்ற காரைச் சோதிக்க வந்த பொலிசாரும் படையினருமாக ஏழுபேர் இங்கே இறந்தார்கள். நினைவுச் சின்னத்தைத் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிறோம், இறங்கி நின்றதில்லை. குண்டு என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கேயும் நடந்ததா என்றுதான் கேட்டார்கள்.

நகரத்தில் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடியவை நிறைய. பேராலயத்தின் தெற்கு வாசலில் நிற்கும் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் அரபியில் செதுக்கியிருக்கிறது. முன்பு இவ்விடத்தில் பள்ளிவாசல் இருந்தது. 1185இல் இந்த ஆலயத்தைக் கட்டத் தொடங்கியவர்கள் அந்தத் தூணை எறிந்துவிடவில்லை. பியாற்சா மரீனா பூங்காவில் 1860களில் நட்ட பெரிய மரமொன்று நிற்கிறது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த அத்தி இனம். விழுதுகள் இறங்கித் தூண் தூணாக நிலத்தில் ஊன்றியிருப்பதைக் கண்டதும், ஆலமரம் என்று நாங்கள் அப்படியே அதன் கீழ் இருந்துவிட்டோம். அன்று வேறெதுவும் பார்க்கவில்லை. பெல்லெக்ரினோ மலையின் சாந்தா ரொசாலியா குகைக் கோவிலைப் பற்றி எழுதவேண்டியதில்லை. சைவம், வேதம் என்ற பேதமில்லாமல் எம்மவர் ஏறுகிற இடம்.

எத்னாதான் பெரிய பயணம். கத்தானியா வரை பஸ்ஸில் மூன்று மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அந்த ஊரின் நடுச்சதுக்கத்தில் கறுத்த எரிமலைக் கல்லில் ஒரு யானை நிற்கிறது. சின்னவன் பிள்ளையார் என்று கும்பிட்டுவிட்டான். எரிமலையிலிருந்து ஊரைக் காப்பது அந்த யானைதான் என்று அங்குள்ளவர்களும் சொல்வதுண்டு. 1669இல் நெருப்புக் குழம்பு நகர மதில்வரை வந்தது. 1693இல் நிலநடுக்கம் ஊரையே விழுத்தியது. பிறகு அதே கறுத்த கல்லை எடுத்துத் தெருவும் வீடும் கட்டினார்கள்.

அங்கிருந்து மலைப் பஸ்ஸில் சப்பியென்சா என்ற தங்குமடம் வரை போனோம், ஏறத்தாழ 1,900 மீற்றர். கேபிள் கார் 2,500 மீற்றருக்குக் கொண்டுபோகும். எங்கள் நாட்டின் உயர்ந்த மலையான பீதுருதாலகால 2,524 மீற்றர், எத்னாவோ 3,300 மீற்றருக்கும் மேல். நாலு பேருக்கு ரிக்கற் எடுக்கக் கட்டுப்படியாகவில்லை. அதனால் பக்கத்திலேயே 1892இல் வெடித்து உண்டான சில்வெஸ்திரிக் குழிகளைச் சுற்றி நடந்தோம். கரியைக் கொட்டிப் பரப்பியதுபோல ஒரு நிலம். அதிலும் மஞ்சளாகப் புல்லுப் பூண்டு முளைத்திருந்தது.

அன்றிரவு முல்லைத்தீவுக்கு எடுத்துச் சொன்னோம். "நெருப்பு மலைக்குக் கிட்டவோ போனனீங்கள்? அங்கையும் சனம் இருக்குதோ?" என்று அம்மம்மா கேட்டா. "இருக்குது அம்மம்மா, திராட்சைத் தோட்டம்கூடச் செய்யுதுகள்" என்றாள் மூத்தவள். எரிஞ்ச மண்ணில் என்ன பசளை போடுகிறார்கள் என்று அவ விடவில்லை. எரிமலை மண் தானாகவே வளமானது என்று சொன்னதை நம்பினாவோ தெரியாது.

போக விரும்புகிறவர்களுக்கு: மலைப் பஸ் மிகக் குறைவு, திரும்பும் நேரத்தை ஏறும்போதே கேட்டு வையுங்கள். கீழே வெயில் கொளுத்தினாலும் மேலே குளிர் காற்று, பிள்ளைகளுக்குத் தடித்த சட்டையும் மூடிய சப்பாத்தும் வேண்டும். 2025 யூன் 2இல் மலை திடீரென்று வெடித்துப் பார்க்கப் போனவர்கள் ஓடினார்கள். ஆகவே புறப்படுமுன் நிலைமையை விசாரியுங்கள், மறித்த இடத்தைத் தாண்டாதீர்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் புளிச்சோறு கொண்டுபோனோம், அந்தக் குளிரில் நன்றாகத்தான் இருந்தது.