செலவாகவில்லையா, செலவழிக்க விடவில்லையா?

ஏழைக்கு வீடு கட்டிக்கொடுத்தது போதும் என்ற பேச்சு இப்போது டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே குரலில் கேட்கிறது. வீட்டு வசதிக்கும் ஊர் வளர்ச்சிக்கும் நிதியை யாரும் குறைக்கவில்லையாம், மாநிலங்கள்தான் செலவழிக்கவில்லையாம். குடிசையே இல்லாத ஊரில் குடிசை மாற்று எதற்கு என்கிறார்கள். போகிற பணம் கமிஷனுக்குத்தான் போகிறதாம். தூத்துக்குடிப் பக்கம் ஆலையும் ராக்கெட் ஏவுதளமும் வரும்போது இந்தச் சில்லறை உதவியெல்லாம் தேவையா என்றும் கேட்கிறார்கள். சாத்தான்குளம் வட்டாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் "குறைக்கவில்லை, செலவாகவில்லை" என்ற வாதம். பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்துக்கு 2024-25 பட்ஜெட்டில் 54,500 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் திருத்திய மதிப்பீடு வந்தபோது அது 32,426 கோடி. அதற்கு முந்தைய ஆண்டும் இதே கதைதான்: அறிவித்தது 54,487 கோடி, திருத்தியது 32,000 கோடி. அறிவிப்பு தலைப்புச் செய்தியாக வருகிறது, திருத்தம் உள்பக்கத்தில் ஒரு வரியாகப் போய்விடுகிறது. வெட்டியதாக யாரும் சொல்வதில்லை, மிச்சமானதாகச் சொல்கிறார்கள்.

எப்படி மிச்சமாகிறது என்பதற்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக் கோப்பைவிட, கட்டி முடியாமல் நிற்கும் ஒரு வீட்டின் கணக்கு தெளிவாகப் பதில் சொல்லும். ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்று 2016-ல் நிர்ணயித்தார்கள். 2024 ஆகஸ்டில் திட்டத்தை 2029 வரை நீட்டி, மேலும் 2 கோடி வீடுகள் என்று ஒப்புதல் தந்தபோதும் அந்தத் தொகையைத் தொடவில்லை. அதிலும் டெல்லியின் பங்கு 60 சதவீதம், அதாவது 72,000 ரூபாய். மீதி 48,000 மாநிலத்தினுடையது. கான்கிரீட் கூரைக்கென்று தமிழ்நாடு தனியாக 1,20,000 சேர்ப்பதால்தான் இங்கே தொகை 2,40,000 ஆகிறது. இதோடு கழிப்பறைக்கு 12,000. நூறு நாள் வேலைக் கணக்கில் 90 நாள் கூலி, 2025-26-ன் 336 ரூபாய் வீதம், 30,240. எல்லாம் சேர்த்தாலும் 2,82,240 ரூபாய்தான்.

வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், நம் கணக்கில் 269 சதுர அடி. இன்றைக்குச் சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் குறைந்து கொத்தனார் பேச்சையே எடுப்பதில்லை. அப்படியானால் செலவு 5,38,000. துண்டு விழுவது இரண்டரை லட்சத்துக்கு மேல். இந்தத் துண்டைப் போட வேண்டியவர் யார்? பங்குனியில் பாளை சீவத் தொடங்கி, பதநீர் இறங்கும் சில மாதங்களில் சம்பாதித்து ஆண்டு முழுக்கச் சாப்பிடும் பனையேறி. வட்டிக்கு வாங்கிக் கருப்பட்டி விற்றதும் அடைக்கும் குடும்பம்.

பணம் கைக்கு வரும் வழியையும் பார்க்க வேண்டும். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, ஜன்னலுக்கு மேல் லிண்டல் போட்டால் ஒன்று, கூரை வார்த்தால் ஒன்று, பூசி முடித்தால் கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் நம் கைப்பணத்தைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும். ஓவர்சியர் வந்து செல்போனில் படம் எடுத்து ஏற்றுவார். அதன் பிறகுதான் பில். அஸ்திவாரத்துக்கே கழுத்தில் காதில் கிடந்தது அடகுக்குப் போய்விடும். லிண்டல் மட்டத்துக்குக் குழுக் கடன். கூரைக்கு வரும்போது கடன் கொடுக்க ஆளில்லை. கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்க, சுவரின் மேல் தார்ப்பாயை விரித்துக் குடும்பம் குடியேறிவிடுகிறது. அந்த வீட்டுக்குச் சேர வேண்டிய அடுத்த தவணை நகராமல் கிடக்கிறது. ஆண்டுக் கடைசியில் அது 'செலவாகாத நிதி' என்று பெயர் வாங்கித் திரும்பிப் போகிறது. பாதி விலையைக் கையில் திணித்துவிட்டு, சரக்கை வாங்கிவரவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வது போன்ற நியாயம் இது.

வீட்டுக் கணக்கில் சேர்த்த அந்த 90 நாள் கூலியும் உறுதியான பணமில்லை. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு நூறு நாள் வேலைக்கு டெல்லி வைத்திருந்த பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் பழைய சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். நாள் கணக்கு 100-லிருந்து 125 ஆனதைப் பெரிதாகச் சொல்கிறார்கள். முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஒன்றிய அரசு ஏற்றது, இனி 40 சதவீதம் மாநிலத்தின் தலையில் என்பதை அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

அடுத்தது, குடிசையே இல்லை என்ற வாதம். குடிசையில்லாத் தமிழ்நாடு என்று சொல்லி, 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்ட வேண்டும் என 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தை அறிவித்தது மாநில அரசு. இல்லாத குடிசைக்கு யாராவது எட்டு லட்சம் என்று இலக்கு வைப்பார்களா? சந்தேகம் உள்ளவர்கள் செம்மண் தேரிக்குள் போய்ப் பார்க்கலாம். கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்கும் குடும்பம் படுத்துறங்கும் குடிசைக்கும் அங்கே பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுக்கும் ஓலைதான் கூரை.

இதைவிட முக்கியமான ஒன்று கணக்கிலேயே வருவதில்லை. அதுதான் அரசு கட்டிக்கொடுத்த பழைய தொகுப்பு வீடு. புள்ளிவிவரத்தில் அது கான்கிரீட் வீடு, எனவே அதில் இருப்பவர் வீடு உள்ளவர். பெரியதாழையிலிருந்து மணப்பாடு வரை கடலோரத்தில் அந்த வீடுகளுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். உப்புக் காற்றில் கம்பி ஊதி, காரை பாளம் பாளமாகப் பெயர்ந்திருக்கும். கட்டில் எந்த மூலையில் கிடக்கிறது என்பதை வைத்தே கூரையில் எந்த இடம் இன்னும் உறுதி என்று சொல்லிவிடலாம். அரசுக்கும் இது தெரியும். 2000-01-க்கு முன் கட்டிய 2.5 லட்சம் ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2,000 கோடி ரூபாய் என்று 2024-25-ல் அறிவித்ததும், மறுகட்டுமானத்துக்குத் தனித் திட்டம் போட்டதும் அதனால்தான்.

குடிசையே இல்லை என்ற வாதத்துக்கு 2023 டிசம்பர் 17, 18 மழை நேரடியாகவே பதில் சொல்லிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், சாத்தான்குளத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல். கல் வீடு தண்ணீரில் நின்றது, மண் சுவர் கரைந்து உட்கார்ந்தது. அந்த மாதத்துச் சென்னைப் புயலுக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது 37,907 கோடி ரூபாய். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 2024 ஏப்ரலில் வந்தது 276 கோடி. கேட்பவர் கூட்டித்தான் கேட்பார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக இவ்வளவு தூரமா?

ஊழல் வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கட்டாத வீட்டுக்குப் பில் போட்டதாகத் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் வழக்குகள் பதிவானது உண்மை. ஒவ்வொரு தவணைக்கும் யாரையாவது 'கவனிக்க' வேண்டியிருக்கிறது என்று மக்கள் சொல்வதும் புதிதில்லை. ஆனால் 2020-ல் பிரதமரின் விவசாயி உதவித் தொகையில் தமிழ்நாட்டில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள் நுழைந்து, சுமார் 110 கோடி ரூபாய் போனது. அந்தத் திட்டத்தைச் சுருக்கச் சொல்லி யாராவது கேட்டார்களா? போலிகளை நீக்கினார்கள், பணத்தை வசூலித்தார்கள், உதவித் தொகை தொடர்ந்தது. வீட்டுத் திட்டத்துக்கு மட்டும் ஏன் வேறு தண்டனை? திருடியவனை விட்டுவிட்டு, பட்டியலில் காத்திருப்பவளின் பெயரை அடிக்கிறோம்.

டெல்லியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் கணக்கு நேராகாது. 2010-ல் ஆறு ஆண்டுகளில் 21 லட்சம் குடிசைகளை மாற்றுவதாக மாநில அரசு தொடங்கிய திட்டம் 2011-ல் ஆட்சி மாறியதும் நின்றது. அதற்குப் பதில் வந்த சூரியசக்தி பசுமை வீடு ஒரு வீட்டுக்கு அதிகப் பணம் கொடுத்தது, 1,80,000. ஆனால் ஆண்டுக்கு 60,000 வீடுகள்தான். முந்தைய இலக்கோ ஆண்டுக்கு மூன்றரை லட்சம். உள்ளாட்சி விஷயமும் அப்படியே. தூத்துக்குடி உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. உரிய நேரத்தில் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை உட்காரவைத்தார்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊராட்சிக்கு நிதிக்குழு மானியம் கிடையாது என்பது விதி. தேர்தலைத் தள்ளியது சென்னை, மானியத்தைப் பிடித்தது டெல்லி. குழாய்க்கும் தெருவிளக்குக்கும் பணமில்லாமல் நின்றது ஊராட்சி.

கடைசியாக, தொழில் வளர்ச்சி. குலசேகரன்பட்டினத்தில் 986 கோடி ரூபாயில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று. வரட்டும், நல்லதுதான். ஆனால் ஆலை வரும் ஊரில் கூலி ஏறுவதற்கு முன்னால் மனை விலை ஏறும். வீட்டுத் திட்டத்தில் கட்டத் தொடங்க வேண்டுமானால் சொந்தப் பெயரில் மனையோ பட்டாவோ கையில் இருக்க வேண்டும். அரை சென்ட் இல்லாத குடும்பத்துக்கு ஏவுதளத்தால் வீடு ஒரு படி தள்ளித்தான் போகும். தொழில் வரும் வட்டாரத்தில்தான் இந்த நிதி கூடுதலாகத் தேவை.

அரசு செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. 2016-ல் போட்ட 1,20,000-ஐ இன்றைய விலைக்கு ஏற்ற வேண்டும். முதல் தவணையை அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். மனை இல்லாதவருக்கு மனையைத் திட்டத்தோடு சேர்த்துத் தர வேண்டும். ஊராட்சித் தேர்தலை நடத்த வேண்டும். அதுவரை ஊர்க்காரர்கள் கையில் இருப்பது கிராம சபை. அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது, வீட்டுத் திட்டக் காத்திருப்புப் பட்டியலையும் பெயர் பெயராக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை வீடு லிண்டலில் நிற்கிறது, எந்தத் தவணை எந்தத் தேதியிலிருந்து பாக்கி என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.